ஜப்பான்காரனிடம் சிக்கிய பட்டாளத்துத் தாத்தாவைத் தேடுவது எப்படி?

எங்கள் பாட்டியின் அண்ணனை வீட்டில் எல்லாரும் பட்டாளத்துத் தாத்தா என்றுதான் சொல்வோம். பொங்கல் குழம்பில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்டால் அன்றைக்கு அவர் தட்டின் முன்னால் உட்காரவே மாட்டாராம். "ஜப்பான்காரன் மூணு வருஷம் அதைத்தான்டா போட்டான்" என்பாராம். இரண்டாம் உலகப்போரைப் பற்றி அவர் தானாகச் சொன்னது அநேகமாக அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்.

பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், கார்வேட்டிநகரம், திருத்தணி என்று தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் எங்கள் பக்கம் பல வீட்டுச் சுவர்களில் இப்படி ஒரு காக்கிச் சட்டைப் படம் தொங்கும். "ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போனான்" என்ற ஒரு வாக்கியமும் கூடவே இருக்கும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன வழி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தலைகீழாகத் தொடங்கி இரண்டு வருடம் வீணாக்கினேன். நீங்கள் நேராகத் தொடங்குங்கள்.

முதலில் பீரோ, அப்புறம்தான் கம்ப்யூட்டர்

டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், பென்ஷன் புக், பழைய போஸ்ட் கார்டு, மெடல், நிலப் பட்டா என்று எதுவானாலும் முதலில் வெளியே எடுங்கள். நிலப் பட்டாவுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றும். முன்னாள் படைவீரர் என்ற முறையில் சர்க்கார் நிலம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தின் ஓரத்தில் பட்டாள நம்பர் எழுதியிருக்க வாய்ப்புண்டு. சித்தூர் பக்கத்துக் காகிதம் தெலுங்கில் இருந்தால் தள்ளி வைக்காதீர்கள். வீட்டில் யாராவது ஒரு மாமாவுக்கு அது படிக்க வரும்.

எல்லாவற்றிலும் நீங்கள் தேடுவது அந்த நம்பரைத்தான். பெயரை நம்பி இறங்கினால் கரை சேர முடியாது. எங்கள் பக்கம் செங்கல்வராயன் என்ற பெயர் தெருவுக்கு ஒன்று. அதை ரெக்கார்டில் சென்கல்ராயன், செங்கல்ராய், சிங்கல்ராயன், செங்கல்வரோயன் என்று கிளார்க் காதில் விழுந்தபடியெல்லாம் இங்கிலீஷில் எழுதி வைத்திருப்பார்கள். முனுசாமிக்கு ஆறேழு எழுத்துக்கூட்டல் நானே பார்த்திருக்கிறேன். நம்பருக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான்.

எங்கள் வீட்டில் காகிதம் எதுவும் மிஞ்சவில்லை. ஆறு முனை நட்சத்திரம் ஒன்று மட்டும் பெரியம்மா வீட்டுச் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் நட்சத்திர மெடல்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் பின்பக்கம் பெயர் பொறித்திருக்கும். இது எனக்குத் தெரியவந்த அன்று பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். அவரோ ஐம்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்து வந்திருக்கிறார். பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

அப்படி ஆனாலும் மனதை விடாதீர்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை மெடலுக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகப் படுக்க வைத்துப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழுந்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக விழும்போது பள்ளத்தில் நிழல் தங்கும். ஒரு கோணத்தில் நான்கு எண்களும் 'எஸ். அண்ட் எம்.' என்ற எழுத்துகளும் எழுந்து நின்றன. சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பாலமும் சாலையும் போடும் பொறியாளர் படை. எந்தப் பட்டாளம் என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. (தயவுசெய்து புளி, சபீனா, பிராசோ எதுவும் போடாதீர்கள்.)

நட்சத்திரம் தொலைந்து நாடா மட்டும் மிச்சமிருந்தால் நிறத்தைப் பாருங்கள். இரண்டு ஓரமும் சிவப்பு, உள்ளே கரும்பச்சை, நட்டநடுவில் மஞ்சள் கோடு என்றால் பசிபிக் ஸ்டார். மலேயாவில் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை சண்டையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அதுதான். கருநீலத்தில் நடுவே அகலச் சிவப்பும் இருபுறம் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் பர்மா ஸ்டார். மணல் நிறத்தில் நடுவே சிவப்பு என்றால் ஆப்பிரிக்கா ஸ்டார். அப்படியானால் உங்கள் தாத்தாவைப் பிடித்தவர்கள் ஜெர்மன்காரர்களாகவோ இத்தாலிக்காரர்களாகவோ இருக்கலாம். 1942 ஜூனில் வட ஆப்பிரிக்காவின் டோப்ருக் விழுந்தபோது இந்தியச் சிப்பாய்களும் ஏராளமாகச் சிக்கினார்கள்.

பெரியவர்களிடம் கேட்கும் விதம்

"தாத்தா எங்கே கைதியா இருந்தார்?" என்று கேட்டால் "யாருக்குத் தெரியும்" என்றுதான் பதில் வரும். அவர் எதைச் சாப்பிட மாட்டார், தூக்கத்தில் என்ன சொல்லிக் கத்துவார், எந்தக் கதையைச் சொல்லி நீங்கள் நம்பவில்லை என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மறக்கவே மறக்காதீர்கள்.

பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஊர்ல மலை புகை விடும்னு சொல்வாரு. ஒரு நாளு இல்ல, தினமும். நாங்க புளுகுன்னு நினைச்சிக்குவோம்."

இன்னொரு நல்ல கேள்வி, அவர்களை விடுவித்தது யார் என்பது. தொப்பியின் ஒரு பக்கத்தை மடித்துக் குத்தியிருந்த வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்தார்கள் என்று தாத்தா சொன்னாராம். அது ஆஸ்திரேலியப் படையின் தொப்பி. சிங்கப்பூரிலும் மலேயாவிலும் மிஞ்சியிருந்தவர்களை மீட்டது பிரிட்டிஷ் தரப்பு. ஆஸ்திரேலியர்கள் மீட்டது நியூ கினியா, நியூ பிரிட்டன், போர்னியோ போன்ற இடங்களில் இருந்தவர்களை. தேடும் வரைபடம் அந்த ஒரு தொப்பியால் பாதியாகச் சுருங்கியது.

இங்கேயே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். அவர் உண்மையில் சிப்பாய்தானா? மலேயாவில் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போய், ஜப்பான்காரர்கள் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப்போன தமிழர்கள் ஏராளம். அவர்கள் போர்க்கைதிகள் அல்ல, பிடித்துச் செல்லப்பட்ட கூலிகள். பட்டாள ரெக்கார்டு எதிலும் அவர்கள் பெயர் இருக்காது. "சயாம்ல ரயில் போட்டார்" என்று வீட்டில் சொன்னால் முதலில் இதைச் சரிபாருங்கள். அந்தத் தேடலுக்கு வழியே வேறு.

ஊர் எந்த ஜில்லா?

எல்லைக்காரர்களுக்கே உரிய தலைவலி இது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. அப்புறம் செங்கல்பட்டு ஜில்லா, 1997இல் திருவள்ளூர். சித்தூர் ஜில்லாவே 1911இல்தான் பிறந்தது. முதல் உலகப்போர்க்காரர் அதற்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்திருந்தால் வட ஆற்காடு என்று எழுதியிருக்கும்.

ஆகவே 1940இல் பட்டாளத்தில் சேர்ந்த பள்ளிப்பட்டுக்காரரைத் திருவள்ளூர் என்று போட்டுத் தேடினால் எதுவும் வராது. நான் ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். "உங்க ஊரு அந்தப் பக்கம்" என்றார்கள். அந்தப் பக்கம் போனால் "1960லேயே ஃபைலெல்லாம் இந்தப் பக்கம் வந்தாச்சே" என்றார்கள். மூன்று முறை நகரி பஸ்ஸில் போய் வந்த பிறகு புத்தி வந்தது. மனுவில் கிராமம், அன்றைய தாலுகா, அன்றைய ஜில்லா, மதராஸ் மாகாணம் என்று ஒரு வரி, இன்றைய முகவரி என்று ஒரு வரி, இரண்டையும் எழுதுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்பதானால் எல்லைக்கு இருபுறமும் ஒரே நாளில் மனு அனுப்பிவிடுங்கள்.

இறந்தவர் என்றால் சுலபம்

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். திரும்பி வராதவரைக் கண்டுபிடிப்பது எளிது. காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். இந்தியன் ஆர்மி என்று தேர்ந்தெடுத்து, கூடுதல் தகவல் கட்டத்தில் சித்தூர் என்று இங்கிலீஷில் தட்டுங்கள். பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இன்னாரின் மகன், இந்த ஊர், இன்னாளின் கணவர் என்று பல பதிவுகளில் ஊரும் உறவும் இருக்கும். கல்லறை இல்லாதவர்களின் பெயரை நினைவுச் சுவரில் பொறித்திருப்பார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கும் சுவரில் மட்டும் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள்.

உங்கள் ஆள் உயிரோடு திரும்பியவர் என்றால் அதில் இருக்கமாட்டார். ஆனாலும் அதே பட்டாளத்துக்காரர்கள் எங்கெங்கே, எந்தத் தேதிகளில் இறந்தார்கள் என்று பாருங்கள். கூட்டாளிகள் போன பாதை தெரிந்தால் இவர் போன பாதையையும் ஓரளவு ஊகிக்கலாம்.

ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதும் கடிதம்

இந்தியச் சாதாரணச் சிப்பாய்களின் பணி ரெக்கார்டு லண்டனில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் முதல் வருடம் முழுக்க அங்கேயே துழாவிக்கொண்டிருந்தேன். அவை இங்கே, அந்தந்தப் பட்டாளத்தின் ரெக்கார்ட்ஸ் ஆபீசில்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்), மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், பீரங்கிப்படை என்றால் நாசிக், மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. மெட்ராஸ் ரெஜிமென்ட்டை 1920களில் கலைத்துவிட்டு, இரண்டாம் போர் தொடங்கிய பிறகுதான் மறுபடி எழுப்பினார்கள். 1942 தொடக்கத்தில் சிங்கப்பூரில் சிக்கிய தமிழர் என்றால் முதலில் சாப்பர்ஸைச் சந்தேகியுங்கள்.

பென்ஷன் இல்லாமல் போனவர்களின் காகிதங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம். "சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்" என்று எழுதினால் "அழிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் லாங் ரோல் என்று ஒரு பதிவேடு உண்டு. அதை அழிப்பதில்லை. கடிதத்தில் அந்தச் சொல்லைப் போட்டு, "லாங் ரோலில் உள்ள பதிவின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். நம்பர், பெயர், தகப்பனார் பெயர், மேலே சொன்ன இரண்டு முகவரி, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு, அதற்கு ஆதாரமாக வாரிசுச் சான்றிதழோ இறப்புச் சான்றிதழோ, இவ்வளவு போதும். கடிதத்தை இங்கிலீஷில் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம்.

எங்களுக்கு வந்த பதில் அரைப் பக்கம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடுவில் 'போர்க்கைதி' என்று ஒரு குறிப்பு. மூன்றரை வருடத்துக்கு ஒரே ஒரு சொல். ஆனால் பெரியம்மா அந்தக் காகிதத்தை லாமினேட் செய்யச் சொன்னார்.

ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) இருந்தாரா?

இதை எல்லா வீட்டிலும் கேட்பார்கள், பல வீடுகளில் விடையையும் முன்பே முடிவு செய்திருப்பார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. 17ஆம் தேதி ஃபாரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். கேப்டன் மோகன் சிங்கின் முதல் ஐ.என்.ஏ. உருவானது அப்படித்தான். சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அந்த டிசம்பரில் மோகன் சிங்கைக் கைது செய்து படை கலைந்தபோது மறுபடி கைதியானவர்களும் உண்டு. மறுத்தவர்களிலும் விலகியவர்களிலும் ஏராளமானவர்களைத்தான் கப்பலில் அடைத்துத் தீவுகளுக்குக் கூலிகளாக அனுப்பினார்கள்.

ஐ.என்.ஏ. என்றால் தேட வேண்டியது டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம். 1972இல் தொடங்கிய மத்திய அரசின் தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்திருந்தால் கலெக்டர் ஆபீசில் ஃபைல் இருக்கலாம். இல்லை என்று பதில் வந்தால் வீட்டில் முகம் சுருங்கும். எங்கள் வீட்டிலும் சுருங்கியது. அந்தத் தீவில் கிழங்கு நட்டுத் தின்று உயிரோடு வந்தது சின்ன விஷயமா என்று நான் சண்டை போட வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவை மறக்காதீர்கள்

புகை விடும் மலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மடித்த தொப்பி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைய பப்புவா நியூ கினியாவில், நியூ பிரிட்டன் தீவில் இருக்கும் ரபவுல் என்ற ஊர். ஊரை ஒட்டியே எரிமலைகள் இருக்கின்றன. தவுர்வுர் என்ற எரிமலை 1941 முதல் 1943 வரை குமுறியது. 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியர்கள் வந்தபோது அங்கே இந்தியக் கைதிகள் இருந்தார்கள். தாத்தா புளுகவில்லை.

கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தளத்தில் ரபவுல், இந்தியக் கைதிகள், 1945 என்று தட்டினால் புகைப்படங்கள் வரும், காசு வேண்டாம். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ471 என்ற வரிசையில் போர்க்குற்ற விசாரணை ஃபைல்கள் இருக்கின்றன. ரபவுலில் நடந்த விசாரணைகளில் இந்தியக் கைதிகளை அடித்ததும் கொன்றதும் வருகிறது. ராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள்.

ஒரு படத்தில் வரிசையாக மெலிந்த ஆட்கள். யாருக்கும் பெயர் போடவில்லை. பிரிண்ட் எடுத்துப் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இடமிருந்து மூன்றாவது ஆளின் மேல் விரலை வைத்தார். "காதைப் பாரு, நம்ம வீட்டுக் காது."

காதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. படத்தின் பின்னால் பென்சிலால் 'ரபவுல், 1945. நம்மவரா, உறுதியில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சாமி அலமாரியில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, மூன்றாவது ஆளின் நெற்றியில் குங்குமம் இட்டார்.