துனி ஆடுற கை பிரிட்ஜுக்கு வந்தா: மாட்டிக்குற ஒரு கையை எப்படிக் கேக்குறது

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல, அதுவும் இந்தியர்கள் நெறைய இருக்குற சாட்ஸ்வர்த் பக்கம் வளந்தவங்களுக்கு துனிங்கற சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்ல, "தண்ணி"ங்கற நம்ம சொல்லுலருந்துதான் அந்தப் பேரே வந்துச்சுன்னு சொல்லுவாங்க. நாலு சீட்டு வந்ததும் ஜாக் இருக்கா, ஒம்போது இருக்கான்னு பாத்து கேட்டுடுவோம், ஜாக் 30, ஒம்போது 20, நம்ம கை நல்லாருந்தா போதும். நான் பிரிட்ஜுங்கற சீட்டாட்டத்துக்கு வந்தப்போ அதே பழக்கத்தோட வந்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஏன்னா பிரிட்ஜுல கேக்குறது (அதாவது ஏலம் சொல்றது) எதிர்ல உக்காந்திருக்குற நம்ம கூட்டாளிக்கு, அதாவது ஜோடிக்கு, சேதி சொல்றது.

மொதல்ல எண்ணுங்க. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1, அவ்ளோதான், ஒம்போதுக்கு ஒண்ணுமே கிடையாது (துனிக்காரங்களுக்கு இது ஜீரணமாக கொஞ்ச நாளாகும்). சீட்டுக்கட்டு முழுக்க 40 பாயிண்ட். 12, 13 இருந்தா கேள்வியைத் தொறக்கலாம். 1-ன்னு கேட்டா 7 பிடி எடுக்குறேன்னு அர்த்தம், 2-ன்னா 8 (நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போட்டு ஒருத்தர் ஜெயிக்கிறதுதான் ஒரு பிடி). கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்), இதுதான் கீழருந்து மேல வரிசை, இதை மனசுல வச்சுக்கோங்க, சிக்கல் இங்கதான் வரப்போகுது.

இப்ப இந்தக் கையைப் பாருங்க:

ஸ்பேட்: 6
ஹார்ட்: ராஜா, ராணி, 8, 5
டைமண்ட்: ஏஸ், 4, 3
கிளப்: ராஜா, ஜாக், 9, 7, 2

13 பாயிண்ட். ஹார்ட்ல தொறக்க அஞ்சு சீட்டு வேணும்னு ஆடுறோம், நாலுதான் இருக்கு, அதனால 1 கிளப். இதுல குழப்பமே இல்ல. எதிராளி ரெண்டு பேரும் பாஸ், ஜோடி 1 ஸ்பேட்ன்னு சொல்றாரு. நம்மகிட்ட ஸ்பேட் ஒண்ணே ஒண்ணு. இப்ப என்ன சொல்றது?

கை தானா 2 ஹார்ட்டுக்குப் போகும். நானும் போனேன். ஆனா யோசிங்க, ஜோடிக்கு ஹார்ட் புடிக்கலன்னா திரும்ப கிளப்புக்கு வரணும், கிளப் கீழ இருக்கறதால 3 கிளப்ன்னுதான் வரமுடியும், அதாவது அவர் கையில என்ன இருக்குன்னே தெரியாம 9 பிடிக்கு இழுத்துட்டுப் போறோம். இதுக்குப் பேரு ரிவர்ஸ். குறைஞ்சது 16, 17 பாயிண்ட் இல்லாம இதைச் சொல்லக்கூடாது, சொன்னா ஜோடி அவ்ளோ இருக்குன்னுதான் நம்புவாரு.

அன்னைக்கு எதிர்ல மாமா. அவர் கையில 8 பாயிண்ட். எனக்கு 17 இருக்கும்னு கூட்டி 25 ஆச்சேன்னு 3 நோ ட்ரம்ப் போட்டுட்டாரு. உண்மையில ரெண்டு பேருக்கும் சேத்து 21. ரெண்டு பிடி குறைஞ்சுது, நாங்க வல்னரபிள் (தோத்தா தண்டம் கூடுற நிலை) இல்லாததால 100 தண்டத்தோட போச்சு. "தம்பி, நீ ஹார்ட் வச்சிருந்தது சரி, மிச்ச நாலு பாயிண்ட் எங்க?"ன்னு கேட்டாரு, பதில் இல்ல.

சரியான பதில் 2 கிளப். கிளப் ஆறு இருந்தா இன்னும் அழகா இருக்கும்தான், ஆனா அஞ்சு சீட்டோட சொல்ற இந்தச் சின்னப் பொய் ரிவர்ஸ் சொல்ற பெரிய பொய்க்கு எவ்வளவோ மேல். சில பேர் 1 நோ ட்ரம்ப் சொல்லுவாங்க, ஸ்பேட் ஒத்தையா இருக்கும்போது எனக்கு அது புடிக்காது.

அப்ப ஹார்ட் தொலைஞ்சிடாதான்னு கேப்பீங்க. ஜோடிக்கு ஸ்பேட் அஞ்சு, ஹார்ட் நாலு, கையில பலமும் இருந்தா அவரே 2 ஹார்ட்டுக்கு வருவாரு. பலமில்லாம பாஸ் பண்ணிட்டா சில நேரம் தொலையும்தான், போகட்டும்.

அதே கையில ஜோடி 1 டைமண்ட் சொல்லியிருந்தா தொல்லையே இல்ல, 1 ஹார்ட்ன்னு சொல்லிட்டுப் போயிடலாம், இன்னும் ஒண்ணுலயேதான் இருக்கோம். டைமண்ட்ல ஒண்ணு குறைஞ்சு ஸ்பேட் ரெண்டா இருந்து அவர் 1 ஸ்பேட் சொன்னா, அப்ப நானும் 1 நோ ட்ரம்ப்தான்.