முள்ளுக்காட்டுச் சைக்கிளுக்கு டியூப்லெஸ்: வீட்டிலேயே மாற்றும் முறை

இராமநாதபுரம் கடலோரத்தில் எம்.டி.பி. என்கிற மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு முதல் எதிரி முள்தான். சீமைக்கருவேலம் இல்லாத கண்மாய்க்கரை எங்கே இருக்கிறது? கரிமூட்டத்துக்கு வெட்டி ஏற்றிப் போகும் டிராக்டரிலிருந்து சிந்திய கிளை, நீட்டிய முள்ளோடு ரோட்டோரமே கிடக்கும். உச்சிப்புளி தாண்டி அரியமான் பக்கம் மணலுக்குள் இறங்கினால் உடைமரத்து வெள்ளை முள். மழை ஓய்ந்து தை, மாசி வந்தால் நெருஞ்சி காய்ந்து உதிரும். பனங்காட்டுக்குள் விழுந்து கிடக்கும் மட்டைக் கருக்கு வேறு. டியூப் போட்ட சக்கரத்துக்கு இதில் எது ஏறினாலும் பஞ்சர்தான்.

டியூப்லெஸ் டயரிலும் முள் ஏறத்தான் செய்யும். ஆனால் காற்று வெளியேறும்போது உள்ளே இருக்கும் சீலண்ட் பாலும் கூடவே ஓடிவந்து, ஓட்டையிலேயே உறைந்து அடைத்துவிடும். சுமார் 6 மி.மீ. ஓட்டை வரை அடைக்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். கருவேல முள் போடும் ஓட்டை அதில் பாதிகூட வராது. கருக்குக் கிழிசல் வேறு கதை, அதைக் கடைசியில் பார்ப்போம்.

மலை சைக்கிளுக்கு இந்த முறையை 1999-இல் மாவிக் நிறுவனம் ஹட்சின்சன், மிஷெலின் டயர் கம்பெனிகளோடு சேர்ந்து யு.எஸ்.டி. என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்த மாவிக் ரிம்மின் உள்தளத்தில் போக்ஸ் கம்பிக்கான ஓட்டையே இருக்காது. நம்மிடம் இருக்கிற ரிம்மில் பெரும்பாலும் 32 ஓட்டை இருக்கும். அத்தனையையும் காற்று போகாமல் டேப் ஒட்டி மூடுவதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை.

சக்கரத்தைக் கழற்றுவதும் டயர், டியூப் எடுப்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ரிம்மையும் டயரையும் பாருங்கள்

ஒரே அடுக்குத் தகடாக இருக்கும் சிங்கிள் வால் ரிம் என்றால் இதோடு விட்டுவிடுங்கள். இரண்டு அடுக்கும் நடுவில் உள்ளறையும் உள்ள டபுள் வால் ரிம் வேண்டும், அதிலும் 'டியூப்லெஸ் ரெடி' என்று போட்டிருந்தால் நிம்மதி. டயரிலும் அதே எழுத்து இருக்க வேண்டும், டி.ஆர். அல்லது டி.எல்.ஆர். என்று சுருக்கியும் போட்டிருப்பார்கள். சைக்கிளோடு வரும் கம்பி விளிம்பு டயரை வைத்தே செய்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. திருப்பத்தில் சைக்கிளைச் சாய்க்கும்போது டயர் ஓரம் ரிம்மை விட்டு நெகிழ்ந்து 'புஸ்' என்று காற்றைக் கக்கும். டயரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நம் மண்ணுக்கு மேக்ஸிஸ் ஆர்டென்ட் மாதிரி பக்கச்சுவர் கொஞ்சம் தடித்ததாக வாங்குங்கள். எடை குறைந்த ரேஸ் டயரைக் கருக்கு சும்மா விடாது.

ரிம் ஸ்டிக்கரில் 622×25 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். 622 என்றால் 29 இன்ச் சக்கரம், 584 என்றால் 27.5, 559 என்றால் 26. பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது ரிம்மின் உள் அகலம், மில்லிமீட்டரில். டேப் அதைவிட 3 முதல் 5 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். 25 என்றால் 28 அல்லது 30 வாங்குங்கள்.

தேவையான மற்றவை: உள்ளே இருக்கும் பின்னை (வால்வு கோர்) கழற்றக்கூடிய டியூப்லெஸ் வால்வு இரண்டு, சீலண்ட், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, பிரஷர் மீட்டர் உள்ள தரை பம்ப், மெடிக்கலில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட், ஒரு ஷாம்பு பாக்கெட். வால்வு பித்தளையாகவே இருக்கட்டும். கலர் கலராக வரும் அலுமினிய வால்வு அழகுதான். ஆனால் உப்புக் காற்றில் அதன் நட்டு இறுகி, நடுவழியில் டியூப் போட வேண்டிய நேரம் பார்த்துக் கழலாது.

டேப்: இங்கேதான் வேலை கெடும்

டேப் ஒட்டுவதற்கு முன் ரிம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். நம் ஊரில் எது சுத்தம் என்பதுதான் கேள்வி. ரிம்மின் உள்ளே டியூப் பவுடர் படிந்திருக்கும். அதன் மேல் கடல்காற்று பூசிய உப்பு, கண்ணுக்குத் தெரியாத படலமாக இருக்கும். அதை போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் இன்னொரு உப்புப் படலம் வரும், தடவிப் பார்த்தால் விரலில் வெள்ளையாக ஒட்டும். காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோ ஒரு செம்பு எடுத்துக்கொண்டு, துணியை நனைத்துத் துடையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள். டபுள் வால் ரிம்முக்குள் தண்ணீர் புகுந்தால் லேசில் வெளியே வராது. அதன் மேல் டேப்பை ஒட்டி மூடிவிட்டால் உள்ளேயே தங்கி, போக்ஸை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிளை அரிக்கும். ஏற்கெனவே புகுந்துவிட்டதா என்று தெரிய, ரிம்மைக் காதருகே வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். சளசளவென்று கேட்டால் வெயிலில் நிறுத்தி, திருப்பித் திருப்பி வைத்து வடியவிடுங்கள்.

காய்ந்த பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பனியன் துணியால் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அப்புறம் விரல் படக்கூடாது. இந்த வேலையைக் காலையில் செய்யாதீர்கள். பனியும் ஈரக்காற்றும் இருக்கிற நேரத்தில் பசை பிடிக்காது. நல்ல வெயிலில் சக்கரத்தை ஒரு மணி நேரம் வைத்து, கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது வீட்டுக்குள் கொண்டுவந்து ஒட்டுங்கள். வாசலில் உட்கார்ந்து ஒட்டினால் காற்றடிக்கும் மணல் டேப்புக்கு அடியில் போய் உட்காரும். ஒரு மணல்துகள் போதும், அதைச் சுற்றி ஒரு கொப்புளம் நிற்கும், அந்த வழியாகக் காற்று போகும்.

வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் ஆரம்பியுங்கள். சக்கரத்தை மடியில் சாய்த்து, ரோலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி, அரை அடி அரை அடியாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். இழுவை சரியாக இருந்தால் டேப் ரிம்மின் நடுப்பள்ளத்தில் தானாகப் படியும். தளர்வாக ஒட்டினால் பள்ளத்தின் மேல் பாலம் கட்டியதுபோல் நிற்கும். அது ஆகாது. டயர் ஓரம் உட்காரும் இரண்டு பக்கத் திண்டையும் டேப் முழுக்க மூட வேண்டும், ஆனால் பக்கச்சுவரில் ஏறக்கூடாது. டேப் மெல்லியதாக இருந்தால் இரண்டு சுற்று. முடிவும் வால்வு ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் போகட்டும். முடித்ததும் துணியைக் கட்டைவிரலில் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள்.

எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். அது இழுத்தால் நீளும், சித்திரை வெயிலில் பசை உருகி நகரும். நான் ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் கம்பெனியின் மஞ்சள் டேப்பைத்தான் போடுகிறேன்.

வால்வு ஓட்டையைக் கத்தியால் வெட்டாதீர்கள். சிலுவை மாதிரிக் கீறினால் இழுவையில் இருக்கும் டேப் கீறிய வழியே கிழிந்துகொண்டு போகும். கோணி ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்துங்கள். ஓரம் உருகி வட்டமாக நிற்கும், கிழியாது. வால்வின் ரப்பர் அடி நன்றாக உட்காரும்படி அழுத்தி, நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். கட்டிங் பிளேயர் பக்கமே போக வேண்டாம். நட்டு போடுவதற்கு முன் மரையில் துளி கிரீஸ் தடவினால் உப்பில் இறுகாது.

ஆனால் வால்வை இன்றே மாட்ட வேண்டாம். முதல் ராத்திரி பழைய டியூபையே உள்ளே வைத்து, டயரைப் போட்டு, 35 பி.எஸ்.ஐ. அடித்து விட்டுவிடுங்கள். டியூபின் அழுத்தத்தில் டேப் ரிம்மோடு ஒன்றிப் படியும். மடித்து வந்த புது டயரும் உருண்டை வடிவத்துக்கு வரும். இரண்டாவது நன்மை அடுத்த கட்டத்தில் தெரியும்.

டயரை உட்கார வைப்பது

மறுநாள் காற்றை இறக்கி, ஒரு பக்க ஓரத்தை மட்டும் கழற்றி டியூபை உருவுங்கள். மறுபக்கம் ஏற்கெனவே ரிம்மில் உட்கார்ந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். இப்போது வால்வை மாட்டி, கழற்றிய பக்கத்தை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் ஆரம்பித்து வால்வில் முடியும்படி ஏற்றுங்கள். டயர் ஓரத்தை நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் கையாலேயே ஏறும். இரும்பு நெம்பி போட்டால் நேற்று ஒட்டிய டேப் கிழியும்.

ஷாம்பு கரைத்த தண்ணீரை இரண்டு ஓரத்திலும் தடவுங்கள். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு பம்பை வேகமாக அடியுங்கள். பின் இல்லாதபோது காற்று தடையில்லாமல் ஒரே மூச்சில் உள்ளே போகும். 'டப், டப்' என்று சத்தம் வந்தால் டயர் உட்காருகிறது என்று பொருள். டயர் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும்.

உட்காரவில்லையா? படகுக் கயிறு ஒன்றை டயரின் நடுப்பட்டையைச் சுற்றிக் கட்டி, குச்சியைச் செருகி முறுக்குங்கள். நடுப்பகுதி அமுங்கும்போது ஓரங்கள் ரிம்மோடு போய் ஒட்டும். கொஞ்சம் காற்றுப் பிடித்ததும் கயிற்றை எடுத்துவிடலாம்.

அதுவும் பலிக்காவிட்டால் பஞ்சர் கடை கம்ப்ரஸர். அங்கே தூசி ஊதுகிற துப்பாக்கி முனையைப் பின் இல்லாத வால்வில் அழுத்திப் பிடித்து ஊதலாம். இதில் மீட்டர் கிடையாது. அதனால் விட்டு விட்டு, சின்னச் சின்னதாக ஊதச் சொல்லுங்கள். சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பைக் டயர் நினைப்பில் அண்ணன் விசையை விடாமல் அழுத்தினால் டயர் ரிம்மை விட்டுப் பிய்த்துக்கொண்டு வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ரிம், டயர் இரண்டிலும் எழுதியிருக்கும் உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. நான் 40-ஐத் தாண்டுவதே இல்லை.

சீலண்ட்

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். அடைக்கிற துகள் எல்லாம் அடியில்தான் கிடக்கும். உட்கார்ந்த டயர் காற்று இறங்கினாலும் ரிம்மை விடாது, ஆகவே பின் இல்லாத வால்வு வழியே சிரிஞ்சால் ஏற்றலாம். வழக்கமான அளவு ஒரு சக்கரத்துக்கு 60 முதல் 90 மி.லி. முள்ளுக்காட்டுக்கு நான் 29 இன்ச் சக்கரத்தில் 120 போடுகிறேன்.

பின்னைப் போட்டு 35 வரை அடித்து, சக்கரத்தைச் சுற்றுங்கள், குலுக்குங்கள். பிறகு வாளியின் மேல் படுக்க வைத்து பத்து நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு பத்து நிமிடம். பக்கச்சுவரில் வெள்ளைப் புள்ளிகள் கசிந்து நின்றால் பயப்பட வேண்டாம். உடனே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஷாம்பு தண்ணீர்தான். டயர் ஓரத்தில் குமிழி வந்தால் குலுக்கி ஓட்டினாலே நின்றுவிடும். போக்ஸ் நிப்பிளில் குமிழி வந்தால் டேப் போச்சு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குமிழி வரும் நிப்பிளுக்கு நேர் மேலேதான் டேப் விட்டிருக்கும் என்று நினைத்து அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடக்கூடாது. காற்று ரிம்மின் உள்ளறைக்குள் எங்கோ புகுந்து, சுற்றி வந்து, வழி கிடைத்த நிப்பிளில் வெளியேறும். பெரும்பாலும் குற்றவாளி வால்வு ஓட்டைதான். டேப்பை முழுக்க உரித்துப் புதிதாக ஒட்டுங்கள்.

ஓட்டுவதற்கு, 70 கிலோ ஆளுக்கு 2.25 இன்ச் டயரில் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. போதும். மணலுக்கு 18 வரை இறக்கலாம். தனுஷ்கோடி ரோட்டில் மணல் மூடிய இடங்களில் இதன் அருமை தெரியும். ஆனால் அந்தப் பக்கம் போய் வந்தால் வால்வையும் நிப்பிளையும் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள்.

கேட்டவர்களுக்காகச் சேர்த்தது

தொண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது: ரிம்மில் வால்வு ஓட்டை பெரிதாக இருக்கிறது, மெல்லிய வால்வு ஆடுகிறது. அது பைக் மவுத் மாதிரியான வால்வுக்கான 8.5 மி.மீ. ஓட்டை. மெல்லிய வால்வுக்கு 6.5 போதும். அதே தடித்த வகையில் டியூப்லெஸ் வால்வு தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பஞ்சர் கடை பம்பும் அதில் நேராகப் பொருந்தும்.

பெட்ரோல் பங்கில் விற்கும் பைக் ஜெல்லை ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது கனமானது, சைக்கிள் டயரின் மெல்லிய பக்கச்சுவரில் கசிவை அடைக்காது. ரப்பர் பாலை வாங்கி வீட்டிலேயே கலக்கும் யோசனையும் வந்தது. அதில் சேர்த்திருக்கும் அமோனியா அலுமினிய ரிம்மை அரிக்கும்.

லீவில் வெளியூர் போய் வந்து பார்த்தால் டயர் தட்டையாக இருந்தது என்றார் ஒருவர். இந்த வெக்கையில் சீலண்ட் சீக்கிரம் உலர்ந்து, உள்ளே சவ்வாகப் படிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு பின்னைக் கழற்றி, வால்வைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, கேபிள் டை ஒன்றை விட்டுப் பாருங்கள். நுனி நனைந்து வந்தால் சரி. தென்னை ஈர்க்கும் போதும், ஆனால் காய்ந்த ஈர்க்கு உள்ளேயே ஒடியும், பச்சையாகப் பார்த்து எடுங்கள்.

கருக்குக் கிழிசலுக்கு, ஓட்டைக்குள் செருகி அடைக்கும் பட்டையான டியூப்லெஸ் பிளக் எப்போதும் பையில் இருக்கட்டும். பைக் கடைப் பட்டை நமக்கு ரொம்பத் தடிமன், நீளவாக்கில் பாதியாகக் கிழித்தால்தான் நுழையும். பிளக்கும் நிற்காவிட்டால் வால்வைக் கழற்றிவிட்டு டியூப் போட வேண்டியதுதான். அதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் சுற்றித் தடவுங்கள், மெதுவாக. சீலண்ட் அடைத்து வைத்த முள் முனைகள் நிறையவே குத்திக்கொண்டு நிற்கும். அத்தனையையும் பிடுங்காமல் டியூப் போட்டால் பத்தடிகூடத் தாங்காது.