ராமில் முதலில் எதைக் கூட்டுவது: கொள்ளளவையா, வேகத்தையா? மேசைக் கணினிக்கான செய்முறை விளக்கம்

கணினி மந்தமாகிவிட்டது என்றவுடன் கடைக்குச் சென்று "இருப்பதிலேயே வேகமான ராம்" கேட்பவர்கள் பலர். கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகமே ராம். பெட்டியின் மேல் 3200, 6000 என்று பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதால் அந்த வேக எண்ணே முதலில் கண்ணில் படுகிறது. எனினும் கொள்ளளவு போதாமல் திணறும் கணினிக்கு வேகமான ராம் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவாகவே முடியும். ஆகவே வாங்குவதற்கு முன் என்ன குறை என்று கண்டறிய வேண்டும். இந்த விளக்கத்துக்கு இன்டெல் நிறுவனம் 2017இல் வெளியிட்ட கோர் ஐ3-8100 பிராசசர், எச்310 வகை மதர்போர்டு, ஒரே ஒரு 4 ஜி.பி. டி.டி.ஆர்.4 (ராமின் ஒரு தலைமுறை) ராம், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் ஆகியவை கொண்ட அலுவலகக் கணினியை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கொள்ளளவு போதுமா என்று பார்த்தல்

வழக்கமாகத் திறந்து வைக்கும் அனைத்தையும், அதாவது பிரவுசரின் பத்துப் பதினைந்து டேப்கள், கணக்கு மென்பொருள், எக்செல் கோப்பு எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள். கணினி ஓய்வாக இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கே "அவைலபிள்" என்ற எண் சில நூறு எம்.பி. அளவுக்கு இறங்கியிருந்தாலோ, "கமிட்டெட்" (மென்பொருள்களுக்கு ஒதுக்கப்பட்ட மொத்த நினைவகம்) என்பதன் முதல் எண் உங்கள் ராமின் மொத்த அளவைக் கணிசமாகத் தாண்டியிருந்தாலோ கொள்ளளவு போதவில்லை என்று கொள்ளலாம். "கேச்டு" என்ற எண் பெரிதாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சும்மா கிடக்கும் ராமில் விண்டோஸ் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் தரவுதான் அது, தேவைப்பட்டதும் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும்.

கொள்ளளவு குறைந்தால் ஏன் இவ்வளவு பாடு என்பதைச் சமையல் மேடையையும் பரணையும் வைத்துப் புரிந்துகொள்ளலாம். மேடையில் இடமில்லாதபோது சில பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, வேண்டும்போதெல்லாம் ஏணி போட்டு இறக்க வேண்டியிருக்கும். விண்டோஸும் அவ்வாறே ராமில் அடங்காதவற்றை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றிவிட்டு, கேட்கும்போது திரும்பக் கொண்டுவருகிறது. ராமிலிருந்து ஒரு தரவைப் பெற ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்கில் அதே தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி வினாடி, அதாவது ஒரு லட்சம் மடங்கு நேரம் ஆகிறது. சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம் இருந்தால் இந்த இடைவெளி ஆயிரம் மடங்கு அளவுக்குக் குறையும். வேகமான ராம் வாங்கி மிச்சப்படுத்துவதோ சில நானோ வினாடிகளைத்தான்.

நமது 4 ஜி.பி. கணினி இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும். இன்றைய அலுவலகப் பயன்பாட்டுக்கு 8 ஜி.பி. குறைந்தபட்சம் என்றும், 16 ஜி.பி. நிம்மதியான அளவு என்றும் நான் கருதுகிறேன். காணொளித் தொகுப்பு, விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக இன்னொரு கணினியை இயக்குதல்) போன்ற வேலைகள் செய்வோருக்கு 32 ஜி.பி. தேவைப்படலாம். ஆனால் 16 ஜி.பி. ராமில் 7 ஜி.பி. மட்டுமே பயன்படும் கணினியில் மேலும் 16 ஜி.பி. சேர்த்தால் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாது.

இரண்டாம் படி: ஸ்லாட்டுகளையும் வேகத்தையும் பார்த்தல்

அதே திரையில் "ஸ்பீடு" என்றும் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்றும் இரண்டு வரிகள் உண்டு. நமது கணினியில் வேகம் 2400 என்றும், ராம் செருகும் இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று மட்டும் பயன்பாட்டில் இருப்பதாகவும் காட்டும். சி.பி.யு.-இசட் போன்ற மென்பொருளில் இதே ராமின் வேகம் 1200 என்று தெரிவதைக் கண்டு கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது, டி.டி.ஆர். வகை ராம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இருமுறை தரவை அனுப்புவதால் இரண்டு எண்களும் ஒரே வேகத்தையே குறிக்கின்றன.

இப்போது ஒரு சிறு கணக்கு. 2400 என்றால் வினாடிக்கு 2400 மில்லியன் முறை தரவை அனுப்பும் என்று பொருள். டி.டி.ஆர்.4 ராம் ஒவ்வொரு முறையும் 8 பைட் தரவை அனுப்புகிறது. ஆகவே 2400 வேக ராம் ஒன்று வினாடிக்கு அதிகபட்சம் 19.2 ஜி.பி. தரவைக் கடத்தும். அதை எடுத்துவிட்டு 3200 வேக ராம் ஒன்றைப் பொருத்தி, அது முழு வேகத்தில் இயங்குவதாகவே வைத்துக்கொண்டாலும் 25.6 ஜி.பி.தான் கிடைக்கும். ஆனால் காலியாக உள்ள ஸ்லாட்டில் அதே 2400 வேகத்தில் இன்னொரு ராமைப் பொருத்தினால் இரண்டு சேனல்களும் (பிராசசருக்கும் ராமுக்கும் இடையிலான தரவுப் பாதைகள்) ஒருங்கே இயங்கி 38.4 ஜி.பி. ஆகிவிடும், கொள்ளளவும் கூடிவிடும். பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிடக் காலியான ஸ்லாட்டுக்கு மதிப்பு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேலும், நமது கணினியில் 3200 வேகம் கிடைக்கவே கிடைக்காது. ஐ3-8100 பிராசசர் ஏற்கும் ராம் வேகம் 2400. எச்310 மதர்போர்டில் அதைத் தாண்டும் வசதியும் இல்லை. 3200 என்று எழுதிய ராமைப் பொருத்தினால் கெடுதல் ஒன்றும் நேராது, அது 2400 வேகத்துக்கு இறங்கி ஓடும்.

மூன்றாம் படி: பொருத்தமான ராமை வாங்கிப் பொருத்துதல்

மதர்போர்டு எந்தத் தலைமுறை ராமை ஏற்கிறதோ அதையே வாங்க வேண்டும். டி.டி.ஆர்.3, 4, 5 ஆகியவற்றின் வெட்டு வெவ்வேறு இடங்களில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. மடிக்கணினிக்கான குட்டை ராமும் இங்கே பொருந்தாது. ஒரே அளவுள்ள இரண்டு ராம்கள் சிறந்தவை. ஏற்கெனவே உள்ள 4 ஜி.பி.யுடன் 8 ஜி.பி. ஒன்றைச் சேர்த்தாலும் இன்டெல் கணினிகளில் முதல் 8 ஜி.பி. இரட்டைச் சேனலாகவும் எஞ்சிய 4 ஜி.பி. ஒற்றைச் சேனலாகவும் இயங்கும். சிக்கனமாக முடிக்க வேண்டுமெனில் அதுவே போதும். விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் முதலில் 64 பிட் பதிப்புக்கு மாறுங்கள். இல்லையேல் 4 ஜி.பி.க்கு மேல் வாங்கியது பயன்படாது.

மின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு ராமின் வெட்டை ஸ்லாட்டின் மேட்டுடன் பொருத்தி, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்தினால் "டக்" என்ற ஓசையுடன் பூட்டிக்கொள்ளும். நான்கு ஸ்லாட்டுகள் கொண்ட மதர்போர்டில் பெரும்பாலும் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவதையும் நான்காவதையும் பயன்படுத்த வேண்டும். நான் முதன்முதலாகப் பொருத்தியபோது அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் செருகிவிட்டு, ஒற்றைச் சேனலிலேயே பல மாதங்கள் ஓட்டியிருக்கிறேன்.

நான்காம் படி: வேகம் உண்மையில் கைகொடுக்கும் இடங்கள்

பிராசசருக்கு உள்ளேயே கேச் நினைவகம் இருப்பதாலும் (ஐ3-8100இல் அது 6 எம்.பி.), அடிக்கடி தேவைப்படும் தரவு அங்கேயே கிடைத்துவிடுவதாலும், கடிதம் தட்டச்சு செய்வதிலும் இணையம் பார்ப்பதிலும் ராம் வேகத்தின் வேறுபாடு புலப்படுவதில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் விளையாடுவோருக்கு நிலைமை வேறு. எடுத்துக்காட்டாக ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி பிராசசரில் உள்ள கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது. அதுவும் இதே ராமிலிருந்தே தரவை எடுப்பதால், இரட்டைச் சேனலும் 3200 வேகமும் விளையாட்டில் நேரடியாகத் தெரியும்.

வேகத்தை ஒப்பிடும்போது சி.எல். என்ற எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். கேட்ட தரவு வரத் தொடங்குவதற்கு எத்தனை கடிகாரத் துடிப்புகள் ஆகும் என்பதை அது காட்டும். சி.எல். எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ வினாடியில் கிடைக்கும். 3200 வேகம், சி.எல். 16 உடைய டி.டி.ஆர்.4 ராமுக்கு அது 10. 4800 வேகம், சி.எல். 40 உடைய டி.டி.ஆர்.5 ராமுக்கு அது 16.7. பின்னது தரவை அள்ளி அள்ளித் தரும், ஆனால் முதல் துளி வருவதற்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வாங்கிய வேகத்தை இயக்குதல்

3200 என்று விற்கப்படும் பல ராம்கள் பொருத்தியவுடன் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடத் தொடங்கும். கணினி தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) சென்று, ராமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்க வேண்டும், டி.டி.ஆர்.5 பயன்படுத்தும் ஏ.எம்.டி. கணினிகளில் அதற்கு எக்ஸ்போ என்று பெயர். சேமித்து வெளியே வந்த பின் டாஸ்க் மேனேஜரில் புதிய வேகம் தெரிகிறதா என்று சரிபாருங்கள். டி.டி.ஆர்.5 கணினிகளில் முதல் முறை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கக்கூடும். பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

இறுதியாக, தேடல் பெட்டி வழியாக விண்டோஸ் மெமரி டயாக்னஸ்டிக் கருவியைத் திறந்து ஒருமுறை முழுச் சோதனை ஓட விடுங்கள். அதில் பிழை காட்டினால் எக்ஸ்.எம்.பி. அமைப்பை அணைத்து மீண்டும் சோதியுங்கள். அப்போதும் பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒரு ராமை மட்டும் பொருத்திச் சோதித்து, பழுதானதைக் கண்டுபிடித்து, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.