விண்ணோடத்தின் சரக்கறையிலிருந்து சோதனைச் செயற்கைக்கோளை விடுவிக்கும் முறை

விண்ணோடங்கள் 2011-ஆம் ஆண்டோடு ஓய்வுபெற்றுவிட்டாலும், விண்பறப்பு விளையாட்டு மென்பொருள்களில் அவற்றை ஓட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வழிமுறையை எழுதுகிறேன். மாதிரியாக, 1993 செப்டம்பர் 12 அன்று ஐந்து பேருடன் புறப்பட்ட டிஸ்கவரி விண்ணோடத்தின் எஸ்டிஎஸ்-51 பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். மழையில் எளிதில் மங்கிவிடும் கா (Ka) என்ற உயர் அதிர்வெண் அலைவரிசையைத் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்திப் பார்க்க நாசா உருவாக்கிய ஏக்ட்ஸ் என்ற சோதனைச் செயற்கைக்கோளும், புறஊதாத் தொலைநோக்கி ஒன்றைச் சுமந்த ஆர்ஃபியஸ்-ஸ்பாஸ் என்ற கலமும் அதில் சென்றன. இரண்டும் இரு வேறு விதங்களில் வெளியே விடப்பட்டவை.

சுற்றுப்பாதையை அடைந்தவுடன் சரக்கறைக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். இது செயற்கைக்கோளுக்காக மட்டுமன்று. ஓடத்தின் வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டர்கள் அக்கதவுகளின் உட்புறத்தில்தான் இருக்கின்றன என்பதால், கதவு திறக்கவில்லையென்றால் சில மணி நேரத்துக்குள் தரையிறங்க வேண்டியதுதான்.

அடுத்தது நேரம் குறிப்பது. ஏக்ட்ஸ் சேர வேண்டிய இடம் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில்; ஓடம் பறப்பதோ 300 கிலோமீட்டர் அளவில். இடைப்பட்ட தூரத்தைக் கடக்க உதவும் உந்துமோட்டாரை, பூமத்திய ரேகையைக் கடக்கும் இடத்தில் எரியூட்டினால்தான் பாதையின் உச்சிப்புள்ளியும் அந்த ரேகைக்கு மேலேயே அமையும். எனவே எரியூட்ட வேண்டிய கணத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 45 நிமிடம், அதாவது ஏறத்தாழ அரைச் சுற்று, பின்னோக்கிக் கணக்கிட்டு விடுவிக்கும் நேரத்தை வையுங்கள்.

அந்த நேரம் நெருங்கும்போது, செயற்கைக்கோளைத் தாங்கும் தொட்டிலை மேல்நோக்கிச் சாய்த்து, மின்சாரத்தை அதன் சொந்த மின்கலங்களுக்கு மாற்ற வேண்டும். இதுவரை செய்த அனைத்தையும் திருப்பிச் செய்ய முடியும்: தொட்டிலை மீண்டும் கிடத்தலாம், ஓடத்தின் மின்சாரத்தையே மறுபடி கொடுக்கலாம். ஆகவே ஐயம் ஏற்பட்டால் நிறுத்துவதற்கு உரிய இடம் இதுதான். டிஸ்கவரி குழுவினர் அப்படித்தான் செய்தார்கள். விடுவிக்க அரை மணி நேரம் இருக்கையில் தரையுடனான இருவழித் தொடர்பு அறுந்தது. செயற்கைக்கோள் நலமாக இருப்பதாக ஓடத்துக்குள் தெரிந்தபோதும், அவர்கள் அந்த வாய்ப்பை விட்டுவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, தொடர்பை வேறு அலைவரிசைக்கு மாற்றிய பிறகே குரல் கேட்டது. அடுத்த வாய்ப்பில் ஏக்ட்ஸ் வெளியேறியது. விளையாட்டில் அவசரப்படுகிறவர்கள் இந்த முடிவைத்தான் முதலில் பழக வேண்டும் என்பது என் கருத்து.

பிணைப்பை அறுக்கும் கணத்தில் மட்டும் திரும்புவதற்கு வழியில்லை. தொட்டிலின் வளையத்துக்குள் தட்டையான உலோகக் குழாய் ஒன்றில் இரண்டு வெடிநாண்கள் இருக்கும். ஒன்று வெடித்தால் குழாய் உப்பி, வளையத்தை நேராக முறிக்கும், புகையும் சிதறலும் குழாய்க்குள்ளேயே அடங்கிவிடும். முதலாவது வெடிக்காமல் போனால்தான் இரண்டாவதுக்கு வேலை. ஏக்ட்ஸ் விடுவிக்கப்பட்டபோது இரண்டும் ஒரே நேரத்தில் வெடித்தன. குழாய் தாங்காமல் பிளந்து, சிதறல்கள் சரக்கறையின் பின்சுவரில் இருந்த காப்புப் போர்வைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றைக் கிழித்தன. நல்லவேளையாகக் குழுவினருக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை. எனவே பொத்தானை அழுத்தும் முன், எந்த நாணுக்கு மின்சாரம் செல்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

வில்சுருள்கள் செயற்கைக்கோளை மெல்லத் தள்ளிவிட்ட பிறகு, ஓடத்தை விலக்கி, மோட்டார் எரியும்போது அதன் வயிற்றுப்புறம் மோட்டாரை நோக்குமாறு திருப்பி வையுங்கள். புகைத்துகள் சன்னல் கண்ணாடிகளில் படக் கூடாது. உந்துமோட்டாரின் வகையையும் கவனியுங்கள்: ஏக்ட்ஸ் சுழலாமல் போனது, ஆனால் 1983-இல் சேலஞ்சரிலிருந்து விடப்பட்ட நம் இன்சாட்-1பி, நிலைதடுமாறாமலிருக்கத் தொட்டிலிலேயே பம்பரமாகச் சுழற்றப்பட்ட பிறகுதான் வெளியேறியது.

ஆர்ஃபியஸ்-ஸ்பாஸ் போன்ற கலத்துக்கு வெடிநாண் தேவையில்லை. 15 மீட்டர் நீளமுள்ள இயந்திரக் கையால் அதைத் தூக்கி, கை முற்றிலும் அசைவற்று நின்ற பிறகு பிடியைத் தளர்த்தி, கலத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓடம் விலக வேண்டும். கையைப் பிடுங்குவதுபோல் இழுத்தால் கலம் உருளத் தொடங்கும். ஆறு நாள் கழித்து, இதே வேலையைத் தலைகீழாகச் செய்து அதைத் திரும்பப் பிடித்தார்கள். நீங்களும் பிடித்துவிட்டீர்கள் என்றால், இயந்திரக் கை மடங்கித் தன் இருப்பிடத்தில் பூட்டப்பட்டதாகக் காட்டும்வரை கதவை மூடும் விசையைத் தொட வேண்டாம்.