டெங்கா, தெங்கா?

சீனத்தின் பொதுமொழியான மாண்டரினில் பாடுகிறவர்களையும் செய்தி வாசிக்கிறவர்களையும் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது பெயரில்தான். தைவான் பாடகியைத் தெரசா தெங் என்கிறோம், சீனத் தலைவரை டெங் சியாவோபிங் என்கிறோம். இரண்டும் ஒரே குடும்பப்பெயர். தைவான்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதும் முறை வேறு, பெய்ஜிங் முறை வேறு. நாம் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதி, ஒருவரைக் காய்ச்சலாகவும் இன்னொருவரைத் தென்னையாகவும் ஆக்கிவிட்டோம். இதில் ஒரு நல்ல கிண்டலும் தொலைந்துபோகிறது. ‘பகலில் பெரிய டெங், ராத்திரியில் சின்ன டெங்’ என்று சீனாவில் ஒரு பேச்சு உண்டு. பகலில் தலைவரின் உரை, இரவில் தைவான் பாடகியின் கேசட். 1995-ல் தாய்லாந்தின் சியாங் மாயில் 42 வயதில் இறக்கும்வரை, சீனப் பெருநிலத்தில் ஒரு மேடையிலும் அந்தப் பாடகி பாடியதில்லை.

தைவான் பாடகர் ஜே சௌவை ‘ஜே’ குடும்பத்தவராக நினைப்பதும் இதே ரகம். அவர் சௌ ஜியேலுன். குடும்பப்பெயர் முன்னால் வரும். சரி, அதை விடுவோம்.

இதைவிட மோசம், மாண்டரினில் பாடுகிற எல்லாரையும் ‘சீனப் பாடகர்’ என்பது. ஸ்டெஃபானி சன்னும் ஜேஜே லின்னும் சிங்கப்பூர்க்காரர்கள். ஃபிஷ் லியோங் மலேசியர். வாங் லீஹோம் பிறந்தது அமெரிக்காவில். தைவானின் ஆ-மெய் பூயுமா என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். 2000 மே 20 அன்று சென் ஷூய்-பியான் தைவான் அதிபராகப் பதவியேற்ற விழாவில் அவர் தேசிய கீதம் பாடினார். அதற்காகவே சீனாவில் கொஞ்ச காலம் அவருக்குத் தடை, விளம்பரங்களும் போயின. அவரைப் போய் ‘சீனப் பாடகி’ என்று ஒரே சொல்லில் முடிப்பது அந்தக் கதையையே விழுங்குவது. ஃபே வாங் தலைகீழ்: பிறந்தது பெய்ஜிங், பெயர் வாங்கியது ஹாங்காங்கில், அதுவும் ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழிப் பாட்டில்.

பாட்டு கேட்டே மொழி கற்றுவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாண்டரினில் ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி ஏற்றினால் வாங்குவது, சட்டென்று இறக்கினால் விற்பது. பாட்டில் மெட்டு இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் தின்றுவிடும். போதாததற்கு ஜே சௌ வார்த்தைகளை வாய்க்குள்ளேயே மென்றுவிடுவார் என்பது அவர் ரசிகர்களே சொல்லும் குறை. காதைப் பழக்கச் செய்திதான் நல்லது. சீனாவில் தேசிய, மாகாண ஒலிபரப்பில் வாசிக்க, உச்சரிப்புத் தேர்வில் 100-க்கு 97 மதிப்பெண்ணாவது வேண்டும்.

அந்த வாசிப்பாளரையே செய்தியின் சொந்தக்காரராக நினைப்பது கடைசித் தவறு. தைவான் தலைநகர் தைபேயில் 24 மணிநேரச் சேனல்களின் போட்டியில் வாசிப்பவரே நட்சத்திரம். பெய்ஜிங்கில் 1978 முதல் இரவு 7 மணிக்கு வரும் அரசு தொலைக்காட்சிச் செய்தியான ‘ஷின்வென் லியன்போ’ அப்படியல்ல. எழுதிக்கொடுத்ததை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். வாசிப்பவர் கையில் மிஞ்சுவது குரலும் உடையும். தியனன்மென் போராட்டத்தை ராணுவம் நசுக்கிய 1989 ஜூன் 4 அன்று அதன் வாசிப்பாளர்கள் சுவே ஃபெய்யும் டு சியானும் கறுப்பு உடையில், துக்கம் தோய்ந்த குரலில், மிக மெதுவாக வாசித்தார்கள். அப்புறம் அவர்களை வாசிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.