அடைமழைக் காலத்தில் வெற்றிட உலையின் கசிவை அளத்தல்

ஐப்பசி அடைமழையின்போது திருச்சி, தஞ்சாவூர் பக்கத்தில் வெற்றிட உலை (காற்றை வெளியேற்றிவிட்டு உலோகத்தைச் சூடாக்கும் உலை) கசிவதுபோல் காட்டினால், உடனே கதவின் ஓ-ரிங்கை (காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை) கழற்ற வேண்டியதில்லை. கதவு திறந்திருந்த நேரத்தில் வெப்பக்காப்பாக உள்ள கிராஃபைட் ஃபெல்ட்டும் உட்சுவரும் உறிஞ்சிய ஈரம் வெற்றிடத்தில் ஆவியாகி, கசிவைப் போலவே அழுத்தத்தை ஏற்றும். எனவே சரக்கு எதுவும் வைக்காமல் உலையை ஒருமுறை வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்தி, கதவைத் திறக்காமலேயே முழுவதும் ஆறவிட்ட பிறகுதான் அளக்கத் தொடங்க வேண்டும்.

அழுத்தம் ஏறத்தாழ 0.01 மில்லிபாருக்கு இறங்கியதும் பம்புக்குச் செல்லும் வால்வை மூடிவிட்டு, அரை மணி நேரத்துக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அழுத்தத்தைக் குறித்துவாருங்கள். ஏறிய அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கி, எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் கசிவு வீதம் கிடைக்கும். கொள்ளளவில் வால்வுக்கு உட்புறமுள்ள குழாய்களும் சேரும். 1500 லிட்டர் உலையில் 10 நிமிடத்தில் 0.006 மில்லிபார் ஏறினால், நொடிக்கு 0.015 மில்லிபார்-லிட்டர்; அழுத்த ஏற்றமாகச் சொன்னால் மணிக்குச் சுமார் 27 மைக்ரான் (இங்கே மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஹீட் டிரீட்மென்ட் (உலோக வெப்பப் பதப்படுத்தல்) உலைகளுக்கு மணிக்கு 10 மைக்ரான் என்ற வரம்பு பரவலாக வழங்குவதால், இது கவனிக்க வேண்டிய அளவுதான்.

ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியல்ல. வெளியே சுமார் 1013 மில்லிபார் அழுத்திக்கொண்டிருக்க, உள்ளே 0.01 இருந்தாலும் 0.03 இருந்தாலும் காற்று நுழையும் வேகம் மாறாது. ஆகவே உண்மையான கசிவு அடுத்தடுத்த 10 நிமிடங்களிலும் அதே 0.006-ஐக் காட்டி நேர்கோடாக ஏறும். ஈரமாக இருந்தால் 0.006, 0.003, 0.001 என்று ஏற்றம் தணிந்துகொண்டே வரும். வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்ப்பதே இங்கே சிறந்த கருவி என்பது என் கருத்து. பிரானி கேஜ் என்ற வெற்றிட அழுத்தமானி பொதுவாக நைட்ரஜனுக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்டிருப்பதால், நீராவி மிகுந்திருக்கும்போது அதன் காட்டுதலை அப்படியே நம்பக் கூடாது.

கோடு நேராக இருந்தால், உள்ளே நுழையும் ஹீலியத்தைக் கண்டறியும் ஹீலியம் கசிவுமானியை உலையுடன் இணைத்து, கதவு விளிம்பு, மின்முனைகள், தெர்மோகப்பிள் நுழைவாய், வால்வுத் தண்டு ஆகிய இடங்களில் வெளியிலிருந்து ஹீலியத்தை மெல்லத் தெளியுங்கள். ஹீலியம் காற்றைவிட இலேசானதால் மேலிருந்து கீழாக வர வேண்டும். கீழே தெளித்தது மேலேறிச் சென்று தவறான இடத்தைக் காட்டிவிடும். எங்கும் பிடிபடாவிட்டால், உலைச் சுவரைக் குளிர்விக்கும் குளிர்நீர் உறையிலிருந்து தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று சந்தேகியுங்கள். உறையை வடித்து உலர்த்தி, அதற்குள் ஹீலியத்தைச் செலுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.