கருத்தை மாற்றிக்கொள்வதில் நாம் செய்யும் தவறுகள்

அரசியலிலோ மதத்திலோ ஒருவர் நிலை மாறினால் "விலை போயிட்டான்" என்கிறோம். பெரிய தவறு இதுதான். 1967-இல் ஹரியானா எம்.எல்.ஏ. கயா லால் இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி தாவினாரே, அது வேறு கதை. அந்த மாதிரித் தாவலுக்காகத்தான் 1985-இல் தடைச் சட்டமே வந்தது. யோசித்து மனம் மாறியவரையும் அதே வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட வேண்டும் என்று நினைப்பது அடுத்த தவறு. 1962-இல் மாநிலங்களவையில் திராவிட நாடு கேட்டுப் பேசியவர் அண்ணா. அந்த ஆண்டே சீனப் போர் மூண்டது. 1963-இல் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. மாநில உரிமைக் குரல் ஓயவில்லை. எதை விட்டோம், எதை விடவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கோபத்தில் ஒரே ராத்திரியில் மாறுவதும் வேண்டாம். இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் 1935-இல் இயோலாவில் அறிவித்தார். நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14-இல். இடையில் சீக்கியத்தையும் எண்ணிப் பார்த்தார். படிக்கவும் எடைபோடவும் 21 ஆண்டுகள்.

பழையதை மறைக்கவும் தேவையில்லை. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பர், சமணரோடு இருந்த காலத்தைத் தன் பதிகங்களிலேயே பாடியிருக்கிறார். சமணர்களை அவர் கடுமையாகச் சாடியும் இருக்கிறார். அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம். விட்டு வந்த இடத்தில் இன்னும் இருப்பவர்கள், நேற்றுவரை நம் ஆட்கள்.

கடைசியாக, வீட்டில் நடப்பது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும் சித்தப்பாவை மடக்கினால் அவர் மாறமாட்டார், இன்னும் இறுகிப்போவார். தனியாகப் பேசுங்கள், அவகாசம் கொடுங்கள். என்றைக்காவது அவரே "நீ சொன்னதிலயும் நியாயம் இருக்குப்பா" என்று வந்தால், "அப்பவே சொன்னேன்ல சித்தப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது அவரை யோசிக்க வைத்தது என்று கேளுங்கள்.